புள்ளி வைக்காத கத்தி

எங்கள் பேக்கரிக்கும் அமலியின் கடைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதனால் இந்த விஷயத்தில் யாரும் எனக்கு வந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

அமலி பழைய மடக்குக் கத்திகளைப் புதுப்பிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். எனக்குத் தங்கை மாதிரி, அதனால் அவள் என்றே சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு இரும்புப் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டுக் கொடைக்கானலுக்கு வந்து கடை போட்டாள். இங்கே பழைய பங்களா எதையாவது காலி செய்தால், மேசை இழுப்பறையிலிருந்து துருப்பிடித்த பேனாக்கத்தி ஒன்றாவது வந்து விழும். அமலி அதைப் பிரித்து, துரு நீக்கி, ஆணி மாற்றி, மறுபடி மடங்கி நிமிரும்படி செய்துவிடுவாள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் டாக்டர் வைத்திலிங்கம். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. திண்டுக்கல்லில் பல் டாக்டராக இருந்து, ஊரில் பாதிப் பேர் வாயைத் திறந்து பார்த்து முடித்துவிட்டு, ஓய்வு என்று மலையேறியவர். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாள் ரொட்டி வாங்க வந்தவர், சுவருக்கு அந்தப் பக்கம் அரம் போடும் சத்தத்தைக் கேட்டார்.

"அங்க யாருக்குப் பல்லு ராவுறாங்க பாய்?"

போய் எட்டிப் பார்த்தார். வாங்கிய ரொட்டியை என் கடையிலேயே விட்டுவிட்டார். மறுநாளிலிருந்து தினமும் அங்கேதான்.

அமலியை அவர் டீச்சர் என்பார். அமலி அவரை டாக்டர் என்பாள். இருவரில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது. டாக்டர் அரத்தைப் பிடிக்கும்போது அமலி அவர் முழங்கையை ஒரு தட்டு தட்டி இறக்கிவிடுவாள். அப்போது புரிந்துவிடும்.

அமலியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கத்திகளைச் சேகரிக்கிறவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருவார்கள். அவர்களுக்கென்று செய்த கத்தி முடிந்ததும், அமலி இழுப்பறையிலிருந்து சின்ன உளி ஒன்றை எடுப்பாள். கத்தியைத் திறந்து, உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் வைத்து ஒரே தட்டு. கடுகு அளவில் ஒரு புள்ளி விழும். மூடினால் வெளியே தெரியாது. பிறகு வெல்வெட் துணியில் சுற்றிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவாள்.

வாங்க வருகிறவர்கள் முதலில் அந்தப் புள்ளியைத்தான் தேடுவார்கள். பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, மூடி, அதே வெல்வெட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள்.

டாக்டருக்கு அந்தப் புள்ளி மேல் ஒரு கண். கண் என்ன கண், ஏக்கம் என்றே சொல்ல வேண்டும். தான் செய்த கத்தி ஒன்றில் அமலி கையால் அது விழுந்துவிட்டால் போதும், அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அவர் முதல் முதலில் சரிசெய்தது ஒரு சின்னக் கத்தி. சிப்பிப் பிடி போட்டது. பழைய இரும்புக் கடையில் அவரே பொறுக்கியது. அலகில் முகம் பார்த்து மீசை திருத்தலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதற்கு அவரே ஒரு வெல்வெட் பை தைத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"டீச்சர், இதுக்குப் புள்ளி?"

"அது உங்க கத்தி டாக்டர். உங்களுக்கு எதுக்குப் புள்ளி?"

டாக்டர் முகம் தொங்கிப்போகும். வேலை இன்னும் தேறவில்லை போலிருக்கிறது என்று மறுபடி உட்கார்ந்து தேய்ப்பார்.

மாலையில் அடுப்பிலிருந்து முதல் ரொட்டி இறங்கியதும் ஒன்றை அங்கே கொண்டுபோவேன். டாக்டர், "டீச்சர், உங்க கத்தியைக் குடுங்க" என்பார்.

அமலியின் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலகு கறுத்துப்போய்ச் சட்டி அடி மாதிரி இருக்கும். மரப் பிடியில் ஒரு விரிசல். அதில்தான் சணல் அறுப்பாள், அட்டை கிழிப்பாள், கொய்யா நறுக்குவாள். நறுக்கிவிட்டு முந்தானையில் துடைத்து மடக்கிவிடுவாள். அதில் புள்ளி இல்லை. அவள் இல்லாத சமயம் டாக்டர் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

"ஏன் டாக்டர், உங்க பையிலயே ஒண்ணு இருக்கே, அதுல வெட்டலாமில்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுலயா? கறை பட்டுடும் பாய்."

"ரொட்டியில என்ன கறை?"

"உங்களுக்குப் புரியாது பாய்."

சரி, எனக்குப் புரியாது. மாவு பிசைகிறவனுக்கு எத்தனையோ புரிவதில்லை.

இப்படி இருக்கும்போது ராயப்பனின் கத்தி வந்தது. ராயப்பன் இந்தப் பக்கத்தில் பேரி, பிளம்ஸ் மரங்களுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். நல்ல மரத்துக் குச்சியைச் சாய்வாகச் சீவி, காட்டுக் கன்றின் தண்டில் பொருத்திக் கட்டினால், கன்று நல்ல மரமாக வளரும். சீவல் ஒரே இழுப்பில் கண்ணாடி மாதிரி விழ வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் ஒட்டாது, குச்சி காய்ந்துவிடும். எருமைக் கொம்புப் பிடி போட்ட அந்தக் கத்தியைத் தவிர வேறு எதையும் அவர் கையில் நான் பார்த்ததில்லை.

"ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு. இதை நீங்க பாருங்க டாக்டர்" என்று அமலி அவரிடம் கொடுத்தாள். இரும்பு வாங்க அவள் கோயம்புத்தூர் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக வாடிக்கையாளர் கத்தி ஒன்றை முழுதாக அவரிடம் விட்டிருக்கிறாள்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. ஒரு கத்தியில வேலை முடிஞ்சிருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அமலி தன் கறுப்புக் கத்தியை எடுத்து ஒரு கொய்யாவை நாலாக நறுக்கி, ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள்.

"உப்பு வேணுமா?"

"கேட்டதுக்குப் பதில்?"

"பழம் நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"இதெல்லாம் ஒரு பதிலா பாய்?" என்று டாக்டர் என்னிடம் வந்து நின்றார். பழத்தை மென்றுகொண்டேதான் கேட்டார்.

ஸ்பிரிங்கை அவர் நன்றாகவே செய்தார். உடைந்ததைக் கழற்றி, புது இரும்பை வெட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மாட்டினார். கத்தி டப்பென்று திறந்து டப்பென்று மூடியது. அத்தோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கொம்புப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்குக் குழியாகத் தேய்ந்திருந்தது.

"சொத்தை" என்றார்.

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் குழியைக் கண்டால் அடைத்த கை அது. கொம்பைப் பொடி செய்து, பிசினில் குழைத்து, நிறம் பார்த்து, மெல்ல மெல்ல அடைத்தார். உப்புத்தாள் போட்டார். துணியால் தேய்த்தார். சும்மா சொல்லக்கூடாது, முடித்தபோது குழி எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிடி முழுக்க ஒரே வழவழப்பு.

ராயப்பன் வந்து கேட்டார். டாக்டர் கத்தியைக் கொடுக்கவில்லை.

"டீச்சர் நாளைக்கு வந்துடுவாங்க. அவங்க ஒரு புள்ளி வெச்சதும் தந்துடறேன்."

"எனக்குப் புள்ளியெல்லாம் எதுக்குங்க?"

"இருக்கட்டும் ராயப்பன். ஒரு நாள்தானே."

ராயப்பன் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாய்ந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. என் கடைக் கூரையில் ஒரு தகரம் போனது. ராயப்பன் வீட்டு முற்றத்தில் பேரி மரம் வேரோடு சாய்ந்தது.

காலையில் அமலி பஸ் இறங்கி வந்து கடையைத் திறக்கும்போதே ராயப்பன் வாசலில் நின்றார். கையில் ஈரச் சாக்கு ஒன்று சுருட்டி இருந்தது. நல்ல மனுஷர், எப்போதும் சிரித்த முகம். அன்று முகம் செத்துப்போயிருந்தது.

"அந்த ஒரு மரந்தாங்க அந்த ஜாதி. அவ்வளவு இனிப்பு. மலை முழுக்கத் தேடினாலும் வேற கிடையாது. விழுந்ததுல நல்ல குச்சியாப் பாத்துக் கொஞ்சம் வெட்டியிருக்கேன். மொட்டு உப்பிருச்சு, வெச்சிருந்தா தாங்காது. இன்னைக்கே கட்டணும். கத்தியைக் குடுங்க."

டாக்டர் கத்தியைக் கொண்டுவந்து அமலி கையில் கொடுத்தார். அந்த நிலையிலும் அவர் பார்வை இழுப்பறைப் பக்கம் போனதை நான் கவனித்தேன்.

அமலி திறந்தாள், மூடினாள். "ஸ்பிரிங் நல்லா வந்திருக்கு டாக்டர்" என்றாள். பிறகு பிடியின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"புள்ளி?" என்றார் டாக்டர், மெதுவாக.

"முதல்ல அவர் பிடிச்சுப் பாக்கட்டும்."

ராயப்பன் வாங்கிப் பார்த்தார். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குங்க" என்றார். பொய் சொல்லவில்லை. வேலியோரம் கிடந்த பிளம்ஸ் குச்சி ஒன்றை எடுத்துச் சீவினார்.

கத்தி நழுவியது. சீவல் அலையடித்து விழுந்தது.

இன்னொரு குச்சி. மறுபடி அலை.

"காலையில கை விறைச்சிருக்குங்க" என்று கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டார். மூன்றாவதிலும் அப்படியே. டாக்டர் மனம் நோகக்கூடாது என்று அந்த மனுஷர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஈரச் சாக்கைப் பார்த்தார்.

டாக்டர் மேசையிலிருந்து வேறொரு கத்தியை எடுத்துக் கொடுத்தார். அதுவும் சரிப்படவில்லை. என்னுடைய ரொட்டிக் கத்தியைக்கூட நீட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள், பதற்றத்தில் மனிதன் எதையாவது நீட்டத்தான் செய்வான்.

ராயப்பனின் வலது கையை டாக்டர் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரல் எப்போதோ முறிந்து, கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்து கூடியிருந்தது. அந்த விரலை எடுத்துப் பிடியின் மேல் அவரே வைத்தார். வைத்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். தான் அடைத்தது எது என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது.

"எங்க இடிக்குது?" என்றார்.

பல் டாக்டர் கேட்கிற அதே குரல்.

"இங்கதாங்க. லேசாத் தூக்கி விடுது."

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

டாக்டர் வயசுக்கு அப்படி ஓடக்கூடாது. மேல் வளைவில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடி, ஒரு பழைய பெட்டியோடு மூச்சு வாங்கத் திரும்பினார். உள்ளே பல் ராவுகிற மெஷின். கூடவே கொஞ்சம் நீலத் தாள். பல் அடைத்த பிறகு நம்மைக் கடிக்கச் சொல்வார்களே, அந்தத் தாள்.

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. பிடிக்குக் கிட்டே போன கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"டீச்சர், இவ்வளவு சுத்தமா இன்னொரு தடவை என்னால செய்ய முடியாது."

"தெரியும் டாக்டர்" என்றாள் அமலி. விளக்கை எடுத்து, வெளிச்சம் விழுமாறு பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ராவினார்.

"பிடிங்க. அழுத்துங்க. விடுங்க."

நீலத் தாள் பட்ட இடத்தில் மேடு தெரிந்தது. அதை ராவினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் உள்ள போகணுங்க. நுனிப் பக்கம்."

"பிடிங்க. விடுங்க. இப்ப?"

பல் டாக்டர் கடை நெடி பலகை இடுக்கு வழியாக வந்து என் பன்னில் ஏறிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆனால் கடைக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. வாசலிலேயே நின்றேன். பிடிங்க, விடுங்க, இப்ப. அவ்வளவுதான். வழவழப்பாக இருந்த இடம் ராவ ராவ அவலட்சணமாகிக்கொண்டே போனது. பிசின் ஓரமாக வளையம் கட்டி நின்றது, மெஷின் கீறல் வேறு.

ராயப்பன் அடுத்த குச்சியை எடுத்தார். விரலை வைத்தார். இந்த முறை கத்தியைப் பார்க்கவேயில்லை, குச்சியை மட்டும் பார்த்தார். ஒரே இழுப்பு. இன்னொரு குச்சி, இன்னொரு இழுப்பு. இரண்டு வெட்டையும் சேர்த்து வைத்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நடுவில் துளி வெளிச்சம் இல்லை.

சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல நேரம் ஏது.

டாக்டர் மேசையில் சிந்திக் கிடந்த கொம்புத் தூளை ஒரு தாளில் கூட்டி அள்ளினார். அதை எறியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அன்று ரொட்டியோடு ஒரு வெண்ணெய் பிஸ்கட்டும் வைத்துக் கொடுத்தேன். என்னால் முடிந்த ஆறுதல் அதுதான்.

அப்புறம் கோடை மழை வந்து போனது. ஒரு மாலை ராயப்பன் வந்தார், முகம் முழுக்கப் பல்லாக. நான் ரொட்டியோடு அங்கே போன சமயம்.

"பிடிச்சிருச்சுங்க. ரெண்டு மூணு பட்டுப்போச்சு. மத்ததெல்லாம் இலை விட்டிருச்சு. பச்சைப் பசேல்னு நிக்குது."

"நிஜமாவா?" டாக்டர் எழுந்தே விட்டார்.

"வந்து பாருங்க. காய்ச்சா முதல் பழம் உங்களுக்குத்தான். கொஞ்ச வருஷம் ஆகும், இருங்க."

"இருக்கேன், இருக்கேன்" என்றார் டாக்டர். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கத்தியில் மரப் பிசின் ஏறி மடக்கு இறுகுவதாகவும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தரும்படியும் ராயப்பன் கேட்டார். டாக்டர் வாங்கித் திறந்தார். அலகு கறுக்க ஆரம்பித்திருந்தது. பிடியில் அவர் ராவிய குழியைத் திருப்பிப் பார்த்தார். மெஷின் கீறல் ஒன்றுகூடக் காணோம். ராயப்பனின் விரலே தேய்த்து வழவழப்பாக்கி இருந்தது. டாக்டர் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். அவர் விரலுக்குப் பொருந்தவில்லை. அதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

துடைத்தார். எண்ணெய் விட்டார். திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, பழைய ஆசை எங்கே போகும், அமலியின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"டீச்சர், நான் செஞ்சதுலயே நல்ல வேலை இதுதான். இதுக்காவது அந்தப் புள்ளியை வெச்சிடுங்களேன்."

அமலி கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கத்தியை முந்தானையில் துடைத்தாள்.

"டாக்டர், நான் புள்ளி வெச்ச கத்தி ஏதாவது, எதையாவது வெட்டி நீங்க பாத்திருக்கீங்களா?"

டாக்டர் கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். வெல்வெட்டில் சுற்றிய கத்திகள் வரிசையாக இருந்தன. ராயப்பனின் கத்தியை டாக்டர் மடக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். ராயப்பன் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்து வெல்வெட் பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, சிப்பிப் பிடிக் கத்தியைத் திறந்தார்.

"அந்த ரொட்டியை இப்படி நகத்துங்க பாய்" என்றார்.